சின்டர் ஹார்டனிங் செய்யப்படும் உலோகத்தூள் எஃகுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்டர் ஹார்டனிங் என்றால் என்ன?

இரும்புத் தூளை டையில் அழுத்தி, உலையில் ஏறத்தாழ 1120 முதல் 1140 டிகிரி செல்சியஸில் 20–30 நிமிடம் சுட்டால் துகள்கள் ஒட்டிப் பாகம் உருவாகிறது. இதுதான் சின்டரிங். வழக்கமான முறையில் பாகம் மெல்ல ஆறி மென்மையாக வெளியே வரும். கடினம் வேண்டுமானால் இன்னொரு உலையில் மறுபடி சூடாக்கி எண்ணெயில் முக்க வேண்டும். சின்டர் ஹார்டனிங்கில் அந்த இரண்டாவது சுற்று கிடையாது. சுட்ட சூட்டோடு, அதே உலையின் குளிர்விப்புப் பகுதியில் குளிர்ந்த வாயுவை வேகமாக வீசி, பாகத்தை நேராக மார்ட்டென்சைட்டாக (வேகமாகக் குளிரும்போது உருவாகும் மிகக் கடினமான எஃகு அமைப்பு) மாற்றிவிடுகிறோம். அதன் பிறகு 180–200 டிகிரியில் மிதமாகச் சூடாக்கி உள்தகைவைத் தணிக்கும் டெம்பரிங் மட்டும் மீதம்.

வாயு, எண்ணெய் அளவுக்கு வேகமாகக் குளிர்விக்காது. அந்தக் குறையை எஃகின் கலவை ஈடுகட்ட வேண்டும். உலை, கலவை, பாகத்தின் கனம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால் வருகிற சிக்கல்களைத்தான் கீழே அதிகம் பார்க்கப்போகிறோம்.

எண்ணெயில் முக்குவதில் என்ன குறை?

உலோகத்தூள் பாகத்தில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் அவற்றுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது. டெம்பரிங் அடுப்பில் புகையும். முலாம் பூசும்போது கசிந்து கறைபடுத்தும். துளைகளை ரெசினால் அடைக்க நினைத்தால் ரெசின் உள்ளே போக இடமிருக்காது. இவை தவிர, திரவத்தில் முக்கும்போது ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து பாகம் கோணும். வாயுக் குளிர்விப்பில் கோணல் குறைவு. மெல்லிய பல்சக்கரங்கள், ஸ்ப்ராக்கெட்டுகள், சிங்க்ரோனைசர் ஹப்புகள், ஆயில் பம்ப் கியர்கள், மின்கருவிகளின் கியர்கள் இந்த முறைக்கு வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

அப்படியானால் செலவு குறைவுதானே?

எப்போதும் இல்லை. தூள் விலை கூடும். கடினமான தூளை அழுத்துவதால் டை சீக்கிரம் தேயும். சுட்ட பிறகு அளவு அச்சில் வைத்து அழுத்தி அளவைச் சரிசெய்யும் சைஸிங் வாய்ப்பும் போய்விடும். உங்கள் பாகத்துக்கு சைஸிங் கட்டாயம் என்றால், அல்லது சுட்ட பிறகு துளை போட்டு மரை வெட்டவேண்டும் என்றால், பழைய முறையே மலிவாக முடியலாம். தனி வெப்பச் சிகிச்சை, கழுவுதல், கோணல் நிமிர்த்தல் மூன்றையும் உண்மையிலேயே நீக்க முடிகிற பாகங்களில்தான் சின்டர் ஹார்டனிங் லாபம் தரும்.

எந்தக் கலவையைத் தேர்ந்தெடுப்பது?

நடைமுறையில் இரண்டு குடும்பங்கள். முதலாவது நிக்கல்-மாலிப்டினம்-மாங்கனீஸ் முன்கலந்த தூள். இந்தத் தனிமங்கள் உருக்கும்போதே இரும்பில் கரைந்திருக்கும். உதாரணமாக ஏறத்தாழ 1.4 சதவீதம் நிக்கல், 1.25 சதவீதம் மாலிப்டினம், 0.4 சதவீதம் மாங்கனீஸ் கொண்ட தூள். இதனுடன் 1 முதல் 2 சதவீதம் செம்புத்தூளும் 0.6 முதல் 0.9 சதவீதம் கிராஃபைட்டும் 0.6–0.8 சதவீதம் மசகுத்தூளும் கலப்பார்கள். இரண்டாவது குரோமியம்-மாலிப்டினம் குடும்பம். 3 சதவீதம் குரோமியம், 0.5 சதவீதம் மாலிப்டினம் உள்ள தூள் இதில் பிரபலம். கிராஃபைட் சேர்த்தால் போதும், செம்பு இல்லாமலே கடினமாகும்.

முதல் குடும்பம் உலையின் வாயுவில் சிறு குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது பொறுக்காது. குரோமியம் ஆக்சைடு லேசில் குறைவதில்லை. உலை வாயுவின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை சுமார் −40 டிகிரிக்கு மேலே ஏறினாலே தொல்லை தொடங்கும். எண்டோ வாயுவில் (எரிவாயுவையும் காற்றையும் வினைபுரிய வைத்துத் தயாரிப்பது) குரோமியப் பாகங்களைச் சுடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 90–95 சதவீதம் நைட்ரஜன், மீதம் ஹைட்ரஜன் என்ற கலவையே வழக்கம்.

மாலிப்டினத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: தூளின் அழுந்தும் தன்மையைப் பெரிதாகக் கெடுக்காமல் கடினமாகும் திறனை (மெதுவாகக் குளிர்ந்தாலும் மார்ட்டென்சைட்டாக மாறும் திறனை) கூட்டும். நிக்கலையும் மாங்கனீஸையும் முன்கலவையாக ஏற்றினால் துகள் கடினப்பட்டு, அதே அழுத்தத்தில் அடர்த்தி குறையும். அதனால்தான் செம்பைத் தனித்தூளாகச் சேர்க்கிறார்கள். அது 1083 டிகிரியில் உருகி, துகள்களின் விளிம்புகளில் பரவி, அழுந்தும் தன்மையைத் தொடாமல் கடினமாகும் திறனை உயர்த்துகிறது. பதிலுக்குப் பாகம் சற்றுப் பெருக்கும். டையின் அளவை முடிவுசெய்யும்போது அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

குளிர்விப்பு வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

சாதாரண பெல்ட் உலையில் நொடிக்கு 0.5 முதல் 1 டிகிரி வரை கிடைக்கும். விசிறி வைத்த வேகக் குளிர்விப்புப் பகுதியில் 1.5 முதல் 3 டிகிரி, சிறு பாகங்களில் அதற்கும் மேல். முக்கியமானது 650 முதல் 350 டிகிரி வரையான இடைவெளி. மார்ட்டென்சைட்டைவிட மென்மையான பியர்லைட்டும் பெய்னைட்டும் உருவாவது அங்கேதான். 1120-லிருந்து 700 வரை எவ்வளவு வேகமாக இறங்கினாலும் இந்த 300 டிகிரியில் சோம்பினால் பயனில்லை.

ஒரு கணக்கு. பெல்ட் நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் நகர்கிறது, நொடிக்கு 1.5 டிகிரி வேண்டும். 300 டிகிரியைக் கடக்க 200 நொடி. அதற்குள் பாகம் சுமார் 330 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதாவது வேகக் குளிர்விப்பு முழுவதும் முக்கால் முழத் தூரத்தில் முடிந்தாக வேண்டும். விசிறியின் வாய் அந்த இடத்தில் இல்லாமல் அரை மீட்டர் தள்ளி இருந்தால், பாகம் அங்கே வந்துசேர்வதற்குள் பியர்லைட் ஆகியிருக்கும். "விசிறி முழு வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனாலும் மென்மை" என்ற புகாருக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அப்படியானால் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் சரியாகுமா?

குளிர்விப்பு வேகம் கூடும், ஆனால் சுடும் நேரம் குறையும். 2.5 மீட்டர் நீளச் சூட்டுப் பகுதியில் நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் என்றால் 25 நிமிடம். அதையே 150 ஆக்கினால் 17 நிமிடம்கூட இல்லை. துகள்களை இணைக்கும் கழுத்துகள் முழுதாக ஒட்டியிருக்காது, கிராஃபைட்டும் சீராகக் கரைந்திருக்காது. கடினத்தன்மை எண் நன்றாகத் தெரியும், பாகம் உடையும்.

பெல்ட்டில் எத்தனை பாகம் அடுக்கலாம்?

அனைவரும் குறைத்து மதிப்பிடும் கேள்வி இது. குளிர்விக்கும் வாயு ஒரு நேரத்துக்கு இவ்வளவு வெப்பத்தைத்தான் எடுத்துச்செல்ல முடியும். பெல்ட்டின் ஒரு சதுர மீட்டரில் உள்ள எடையை இரட்டிப்பாக்கினால் குளிர்விப்பு வேகம் வெகுவாகச் சரியும். சோதனை ஓட்டத்தில் பத்துப் பாகங்களைப் பரவலாக வைத்துப் பார்த்துவிட்டு, உற்பத்தியில் நெருக்கி அடுக்கினால் முடிவு வேறாகத்தான் வரும். பெல்ட்டின் நடுவில் இருக்கும் பாகம், ஓரத்தில் இருக்கும் பாகம், பீங்கான் தட்டின் மேல் இருக்கும் பாகம், தட்டில்லாத பாகம் இவை நான்கும் வெவ்வேறு வேகத்தில் குளிரும். தட்டும் சூட்டைச் சுமக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சரியான வழி: முழுச் சுமையோடு ஓட்டி, மோசமான இடத்திலிருந்து பாகத்தை எடுத்து அறுத்துப் பார்ப்பது. வேகத்தை அளக்க, பாகத்தின் கனமான இடத்தில் துளையிட்டு 1.5 மில்லிமீட்டர் உறையிட்ட கே-வகை தெர்மோகப்பிளைச் செருகி, பெல்ட்டோடு உலைக்குள் அனுப்பலாம். ஒருமுறை எடுத்த அந்த வரைபடம் பல மாத விவாதங்களை மிச்சப்படுத்தும்.

ஹைட்ரஜனைக் கூட்டினால் வேகம் கூடுமா?

கூடும். ஹைட்ரஜனின் வெப்பக் கடத்தல் நைட்ரஜனைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. 5 சதவீதத்திலிருந்து 25 சதவீதத்துக்கு ஏற்றினால் வித்தியாசம் தெரியும். ஆனால் செலவும் பாதுகாப்பு ஏற்பாடும் சேர்ந்து ஏறும். முதலில் பெல்ட் சுமையைக் குறைத்துப் பாருங்கள், அதற்குக் காசில்லை.

கிராஃபைட்டை எவ்வளவு போடுவது? கூடுதலாகப் போட்டால் கூடுதல் கடினம்தானே?

ஓர் எல்லை வரைதான். மார்ட்டென்சைட் மாற்றம் தொடங்கும் வெப்பநிலையைத் தோராயமாகச் சொல்லும் ஆண்ட்ரூஸ் சூத்திரப்படி, ஒவ்வொரு 0.1 சதவீதக் கார்பனும் அதைச் சுமார் 42 டிகிரி கீழே இழுக்கிறது. மேலே சொன்ன நிக்கல்-மாலிப்டினம் தூளில் கரைந்த கார்பன் 0.6 சதவீதம் என்றால் மாற்றம் 240 டிகிரி அருகே தொடங்கும். 0.8 சதவீதம் என்றால் 155 டிகிரி அருகே. கார்பன் மேலும் ஏறினால் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் கணிசமான ஆஸ்டெனைட் (உயர் சூட்டில் எஃகு இருக்கும் அமைப்பு) மாறாமல் தங்கிவிடும். அது மென்மையானது. பின்னாளில் மாறினால் பாகத்தின் அளவையும் மாற்றும். துகள் எல்லைகளில் கார்பைடு வலை படிந்து பாகத்தை நொறுங்கவைக்கும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

மறுபக்கம், போட்ட கிராஃபைட் முழுவதும் பாகத்தில் தங்குவதில்லை. தூளிலுள்ள ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். ஆக்சிஜன் எடைக்கு 0.75 மடங்கு கார்பன் போகும். தூளில் 0.2 சதவீதம் ஆக்சிஜன் இருந்தால் 0.15 சதவீதம் வரை கார்பன் இழப்பு. குரோமியத் தூளில் இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். ஆகவே "0.7 கிராஃபைட் போட்டோம்" என்பது தகவலே இல்லை. சுட்ட பாகத்தைப் பொடித்து, எரிப்பு முறையில் கார்பனை அளந்த எண்தான் தகவல். கார்பன் மாறினால் பாகத்தின் அளவும் சேர்ந்தே மாறும்.

கடினத்தன்மைச் சோதனை ராக்வெல் சி 32 தான் காட்டுகிறது. ஒழுங்காகக் கடினமாகவில்லையா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். ராக்வெல் முனை உலோகத்தையும் துளைகளையும் சேர்த்தே அழுத்துகிறது. அதில் கிடைப்பது தோற்றக் கடினம். 6.9–7.0 கிராம்/கன சென்டிமீட்டர் அடர்த்தியில், முழுதும் மார்ட்டென்சைட்டான பாகம்கூட ராக்வெல் சி 30-களில் நிற்கலாம். துகளுக்குள் சிறுசுமை விக்கர்ஸ் முனையால் அளந்து ராக்வெல்லுக்கு மாற்றினால் 55-க்கு மேல் வரும். தேய்மானத்தைத் தாங்குவது அந்த இரண்டாவது எண்.

எனவே தோற்றக் கடினம் குறையும்போது முதலில் அடர்த்தியை அளக்க வேண்டும், பிறகு நுண்கடினம், பிறகு நுண்ணமைப்பு. அடர்த்தி குறைந்து நுண்கடினம் சரியாக இருந்தால் பிரச்சினை அழுத்த இயந்திரத்தில். அடர்த்தி சரி, நுண்கடினம் குறைவு என்றால் உலையிலோ கார்பனிலோ. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்து உலை ஆட்களைத் திட்டுவது வழக்கமாக நடக்கும் அநியாயம்.

வெளியே மென்மை, உள்ளே கடினம். ஏன்?

மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோயிருக்கிறது. ஈரமான வாயு, உலை வாயில் திரை சரியில்லாதது, நீர்க்குளிர்விப்புக் குழாயில் கசிவு ஆகியவற்றைத் தேடுங்கள். வேகக் குளிர்விப்பு உலைகளில் இன்னொன்றும் உண்டு: விசிறி வாயுவைச் சுழற்றும்போது சமநிலை தவறினால் வெளியேறும் வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். பாகம் வைக்கோல் மஞ்சளாகவோ நீலமாகவோ வெளியே வந்தால் குளிர்விப்புப் பகுதியில் காற்று புகுந்திருக்கிறது. குரோமிய எஃகில் பச்சைச் சாயல் என்றால் சூட்டுப் பகுதியிலேயே ஆக்சிஜனேற்றம்.

இழப்பின் ஆழத்தை அறிய, வெட்டு முகத்தில் விளிம்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்கடினம் எடுத்துக்கொண்டே போகலாம். துளைகள் ஒன்றோடொன்று இணைந்த பாகத்தில் இழப்பு திட எஃகைவிட ஆழமாகப் போகும்.

பல் கடினம், நடு மென்மை?

கனத்தின் விளைவு. பல் 4 மில்லிமீட்டர், நடுவிலுள்ள ஹப் 30 மில்லிமீட்டர் என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் குளிராது. துளைகள் வெப்பக் கடத்தலைக் குறைப்பதால் அடர்த்தி குறைந்த ஹப் இன்னும் மெதுவாகக் குளிரும். ஹப்பில் பெய்னைட் இருப்பது வடிவமைப்புக்கு ஏற்புடையதா என்று முதலில் கேளுங்கள். பல சமயம் ஏற்புடையதே, சற்று நெகிழ்வும் தரும். வேண்டாமென்றால் கலப்புத் தனிமங்கள் கூடுதலான கலவை, குறைந்த சுமை, அல்லது ஹப்பில் எடைகுறைக்கும் பள்ளங்கள்.

டெம்பரிங் கட்டாயமா? கடினத்தன்மை குறைந்துவிடாதா?

கட்டாயம். சற்றுக் குறையும், ஆனால் வலிமை கூடும். கேட்க விசித்திரமாக இருக்கும். டெம்பர் செய்யாத மார்ட்டென்சைட்டில் உள்தகைவு நிறைந்திருக்கும். துளைகளின் கூர் விளிம்புகள் விரிசலுக்குக் காத்திருக்கும். அந்த நிலையில் இழுவைச் சோதனை செய்தால், டெம்பர் செய்த பாகத்தைவிடக் குறைந்த சுமையில் உடையும். 180–200 டிகிரியில், பாகம் முழுதும் அந்தச் சூட்டை எட்டிய பிறகு ஒரு மணி நேரம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: உலையிலிருந்து 100 டிகிரிக்கு மேல் சூடாக வந்த பாகத்தை அப்படியே டெம்பரிங் அடுப்புக்குத் தள்ளுவது. 155 டிகிரியில் தொடங்கும் மாற்றம் 100 டிகிரியில் பாதிகூட முடிந்திருக்காது. மீதி ஆஸ்டெனைட் டெம்பரிங்குக்குப் பிறகு குளிரும்போது மாறும், அந்தப் புது மார்ட்டென்சைட்டை யாரும் டெம்பர் செய்திருக்க மாட்டார்கள். கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வரட்டும், பிறகு தாமதிக்காமல் அடுப்புக்கு அனுப்புங்கள்.

நீராவி ஆக்சைடு பூச்சு கொடுக்கலாமா?

கூடாது. அது 500 டிகிரிக்கு மேல் நடப்பது, மார்ட்டென்சைட்டின் கடினம் போய்விடும்.

எவ்வளவு வலிமை எதிர்பார்க்கலாம்?

அடர்த்தியையும் கலவையையும் பொறுத்து இழுவை வலிமை 700 முதல் 1000 மெகாபாஸ்கல் வரை வழக்கம். நீட்சி 1 சதவீதத்துக்கும் கீழே, அதாவது வளைந்து எச்சரிக்காது, நேராக உடையும். அமெரிக்க உலோகத்தூள் தொழில் கூட்டமைப்பின் எம்.பி.ஐ.எஃப். 35 தரநிலையில் எஃப்.எல்.சி-4608-75எச்.டி. (எச்.டி. என்பது வெப்பச் சிகிச்சை பெற்ற நிலை) என்று பார்த்தால், அந்த 75 என்பது குறைந்தபட்ச இழுவை வலிமை, ஆயிரம் பவுண்டு/சதுர அங்குலக் கணக்கில். நம் அலகில் சுமார் 520 மெகாபாஸ்கல். எச்.டி. நிலையில் நிரந்தர உருமாற்றம் தொடங்கும் வலிமையும் (யீல்டு) இழுவை வலிமையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால்தான் இந்தக் குறியீடு இழுவையைச் சொல்கிறது. அது உறுதிசெய்யப்பட்ட கீழெல்லை, சராசரி அதற்கு மேலே இருக்கும்.

கியர்களுக்கு கார்புரைசிங் செய்வதற்குப் பதிலாக இதையே செய்யலாமா?

மிதமான சுமைக்குச் செய்யலாம். பெரும் சுமையில் பல்லடி சோர்வும் தொடுமுகச் சோர்வும் தீர்மானிக்கும் கியர்களுக்கு யோசிக்க வேண்டும். மேற்பரப்பில் கார்பனை ஏற்றும் கார்புரைசிங்கில் வெளித்தோல் கடினமாகி அமுக்கத் தகைவோடு இருக்கும், விரிசலைத் தடுக்கும். சின்டர் ஹார்டனிங்கில் முழுப் பாகமும் ஊடுருவக் கடினமாகிறது, அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சிறு குண்டுகளை மேற்பரப்பில் வீசி அடிக்கும் ஷாட் பீனிங் ஓரளவு ஈடுகட்டும்.

சுட்ட பிறகு கடைசல், துளையிடல் முடியுமா?

சாதாரணக் கருவியால் முடியாது. அரைக்கலாம், அல்லது சி.பி.என். (கனசதுர போரான் நைட்ரைடு) முனையால் கடினக் கடைசல் செய்யலாம். துளைகளால் வெட்டு விட்டுவிட்டு நடப்பதால் கருவி விளிம்பு சிதறும், வெட்டும் ஆழமும் கருவி முன்னேறும் வேகமும் குறைவாக வையுங்கள். நீர்க்கலவைக் குளிரூட்டி துளைக்குள் புகுந்து பின்னர் துருவாக வெளிப்படும். முடிந்தால் உலர்வாக வெட்டுவது நல்லது. குறுக்குத் துளை தவிர்க்கவே முடியாது என்றால், அழுத்தி எடுத்த பாகத்தைச் சுடுமுன்பே துளையிடும் வழி உண்டு. அதற்குச் சூடாக அழுத்துவது, உறுதி கூட்டும் மசகுத்தூள் ஆகியவை உதவும். துளையின் வெளியேறும் விளிம்பு உதிராமலிருக்கப் பின்னால் தாங்கு வையுங்கள்.

விரிசல் வந்திருக்கிறது. அழுத்தும்போது வந்ததா, குளிரும்போது வந்ததா?

வெட்டி, மெருகேற்றி, நைட்டல் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) பூசி நுண்ணோக்கியில் பாருங்கள். விரிசல் துகள்களைச் சுற்றிச்சுற்றிப் போனால், கரைகள் ஒட்டாத துகள் முகங்களாக இருந்தால், அது அழுத்தும்போதோ டையிலிருந்து தள்ளும்போதோ வந்தது. துகள்களை ஊடறுத்து நேராகப் போனால் கடினமான பிறகு வந்தது. முன்னதை உலையில் எதைத் திருத்தியும் தீர்க்க முடியாது.

வரைபடத்தில் என்னவெல்லாம் குறிப்பிட வேண்டும்?

"ராக்வெல் சி 35–40" என்று மட்டும் எழுதினால் பிற்பாடு சண்டை நிச்சயம். பகுதிவாரிக் குறைந்தபட்ச அடர்த்தி, தோற்றக் கடினம் அளக்கும் இடமும் அதன் கீழெல்லையும், நுண்கடினத்தின் கீழெல்லை, முக்கியப் பகுதியில் மார்ட்டென்சைட் எத்தனை சதவீதம் (90 என்பது பலர் கேட்பது), சுட்ட பின் கார்பன் வரம்பு, டெம்பரிங் வெப்பமும் நேரமும். நுண்கடினம் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் அளக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் வாங்குபவர் மேற்பரப்பிலும் விற்பவர் நடுவிலும் அளந்துவிட்டு, இருவரும் தங்கள் எண்ணே சரி என்பார்கள்.